விதுஷாவுக்காக அறுநூற்று நாற்பது பக்கங்கள்

பெரகல சந்தியில் பனி இறங்காத நாளில்தான் போட்டோ கொப்பி சுத்தமாக விழும். பனி இறங்கினால் தாள்கள் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எதை விழுங்குவது, எதைத் துப்புவது என்று மெஷினுக்குத் தெரியாமல் போகும். வாக்குமூலத்தை ஆரம்பத்திலிருந்து எழுது என்றீர்கள், ஐயா. என்னுடைய ஆரம்பம் அந்த மெஷின்தான். தமிழிலேயே எழுதலாம், பிறகு சிங்களத்தில் பெயர்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னீர்கள். அதற்கு நன்றி. பெயர்க்கிறவருக்குச் சிரமம் வைக்காமல் நேராகவே எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயரூபன். வயது முப்பத்திரண்டு. ஹல்துமுல்லைக்குப் போகிற வழியில், வீதிக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைவீடு ஒன்றில் பிறந்தவன். அப்பா இல்லை. அம்மா இராக்கம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். ஒரே தங்கை, விதுஷா. ஏழு வருடமாகப் பெரகலயில் கடை வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, போன் ரீலோட், பாஸ்போட் போட்டோ, படிவம் நிரப்புவது எல்லாம் உண்டு. வருகிறவர்கள் அடையாள அட்டையைத் தயங்காமல் என் கையில் தருவார்கள். தோட்டத்துத் துரையிடம் கொடுப்பதென்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். நம்பிக்கையான பையன் என்று எனக்குப் பெயர். அதை நான் கெடுத்துக்கொண்டதாக இன்றுவரை நினைக்கவில்லை.

கடையின் பின்பாதியில் நடந்த தொழிலைத்தான் நீங்கள் விளங்கவில்லை என்றீர்கள். விளங்கப்படுத்துகிறேன்.

ஒரு வலைப்பக்கத்தை யாராவது எழுதிப் போட்டுவிட்டால், அது இருப்பது தேடுபொறிக்குத் தானாகத் தெரியாது. அதுவாக வந்து பார்க்கட்டும் என்றிருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்கலாம். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது எளிதில் புரியும். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் பதியாவிட்டால், நாள் முழுக்க மலையில் நின்றாலும் அன்றைக்கு நீங்கள் வேலைக்கு வராத ஆள்தான். பதிவில் ஏறாத பக்கமும் அப்படித்தான். இருந்தும் இல்லாதது. நான் பக்கங்களுக்குப் பெயர் பதிந்துகொடுத்தேன். முகவரிகளை நூறு நூறாகப் பட்டியல் போட்டுத் தேடுபொறிக்கு அனுப்புவேன். பட்டியலில் வந்த பக்கங்களை அது உடனே வந்து பார்த்து, பதிந்து, தேடுகிறவர்களுக்குக் காட்டத் தொடங்கும். அவ்வளவுதான்.

ஒரு கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு இருநூறு பக்கம்தான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு கணக்குத்தான் இருக்கும் என்று நம்புகிற நல்ல மனிதர்கள் போலிருக்கிறது. அவர்கள் நம்பிக்கையைக் காப்பாற்ற நான் ஆட்களைச் சேர்த்தேன். என் கடையில் அடையாள அட்டை கொப்பி எடுத்த நாற்பத்தொரு பேரின் பெயரில் நாற்பத்தொரு கணக்கு. அவர்களில் பாதிப் பேர் கொம்பியூட்டரைத் தொட்டதே இல்லை. தோட்ட மக்களை டிஜிட்டல் யுகத்துக்கு அழைத்துப்போவோம் என்று தேர்தலுக்குத் தேர்தல் மேடையில் பேசுகிறார்கள். நான் பேசவில்லை. அழைத்துப்போனேன்.

முதலில் சின்ன வேலைகள்தான் வந்தன. எல்லவில் இரண்டு விடுதிகள், ஒரு சோதிடர், ஒரு டியூஷன் மாஸ்டர். சோதிடருக்குத் தன் பெயர் எந்த வருடம் முதல் பக்கத்தில் வரும் என்று என்னிடம்தான் கேட்கவேண்டியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் மாணிக்கராஜ் வந்தார். பண்டாரவளையில் 'செவ்வானம்' என்ற வெளிநாட்டு வேலை ஏஜென்சி அவருடையது. வளைகுடா வீடுகளுக்குப் பணிப்பெண்களை அனுப்புகிறவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை, மெதுவான பேச்சு. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதை ஒரு தடவை கைக்குட்டையால் துடைத்தார்.

"ஒரு பொம்பள நம்ம பேர நாசமாக்கிட்டா, மாஸ்டர்," என்றார்.

என்னை மாஸ்டர் என்று அதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

போனில் ஒரு செய்திப் பக்கத்தைக் காட்டினார். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரி, விஜயலெட்சுமி. செவ்வானம் மூலம் போய், இரண்டு வருடம் ஒரு வீட்டில் இருந்து, இரண்டு கைகளிலும் இஸ்திரிப்பெட்டிச் சூட்டோடு திரும்பியவர். சின்னத் தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கைகளின் படமும் இருந்தது. செவ்வானம் என்று நெட்டில் அடித்தால் முதலில் அந்தக் கைகள்தான் வந்தன.

"அழிச்சிடலாமா?"

"அழிக்க ஏலாதுங்க. அது அவங்களோட பக்கம். ஆனா அடியில தள்ளலாம். யாரும் ரெண்டாம் பக்கத்துக்குப் போக மாட்டாங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப மூணாம் பக்கத்துல வைங்க," என்றார்.

அந்தப் பெண் சொன்னது உண்மையா என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

"உண்மையோ பொய்யோ, மாஸ்டர், அது மேல இருக்கு. அதுதான் பிரச்சின."

எவ்வளவு தெளிவான மனிதர் என்று நினைத்தேன்.

ஆயிரத்து நூறு பக்கம் செய்தேன். 'செவ்வானம் நம்பலாமா', 'செவ்வானம் மூலம் போன பெண்கள் சொல்வது என்ன', 'செவ்வானம் மோசடியா, உண்மை நிலவரம்' என்று, பயந்துபோன ஒரு தாய் எதையெல்லாம் அடித்துப் பார்ப்பாளோ அதையெல்லாம் தலைப்பாக வைத்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு பெண் சிரித்துக்கொண்டே தன் எஜமானியம்மாவைப் பற்றி நன்றியோடு பேசுவாள். முகங்களுக்கு என் பாஸ்போட் போட்டோ ஃபைல் கைகொடுத்தது. பாஸ்போட்டுக்குச் சிரிக்கக் கூடாது என்பதால், சிரிப்பை மட்டும் நான் வைத்தேன்.

பிறகு அவருடைய பெயர். விஜயலெட்சுமி என்பதை நம் நாட்டில் ஆங்கிலத்தில் பதினேழு விதமாக எழுதுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சம்பளச் சீட்டில் இன்னொன்று. தோட்டத்துக் கிளாக்கர்மார் நூறு வருடமாகச் செய்த அந்தச் சேவையை நான் வீணாக்கவில்லை. பதினேழுக்கும் பக்கம் போட்டேன். விஜயலெட்சுமி பெயர்ப் பலன், விஜயலெட்சுமி கல்யாணச் சேலை, விஜயலெட்சுமி வீட்டுச் சமையல். ஆறு வாரத்தில் அந்தக் கைகள் மூன்றாம் பக்கத்துக்குப் போயின. எட்டாவது வாரம் ஐந்தாம் பக்கத்துக்குப் போயின. மாணிக்கராஜ் கேட்டதற்கு மேலேயே செய்துகொடுத்தேன். வேலை என்று எடுத்தால் எனக்கு அப்படித்தான்.

நான்கு மாதம் கழித்து விஜயலெட்சுமி என் கடைக்கு வந்தார். என்னைத் தேடி வரவில்லை. கொஸ்லந்த பஸ்ஸிலிருந்து இறங்கியவருக்கு முதலில் கண்ணில் பட்ட கடை என்னுடையது. நீளக் கை வைத்த சட்டை போட்டிருந்தார். பதுளையில் அவருடைய முறைப்பாட்டுக்கு விசாரணை. பேப்பரில் வந்ததைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறார்கள்.

"லிங்க்க அனுப்பின பையன் நம்பர் மாத்திட்டாரு தம்பி. என் பேரப் போட்டா வரும்னு சொன்னாரு."

அவருக்கு முன்னாலேயே அவர் பெயரை அடித்தேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சேலயா வருதே தம்பி."

"ஆமாங்க அக்கா. இந்தப் பேர்ல நெறைய இருக்கு."

"அடுத்ததுல பாருங்களேன்."

இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். அவர் கேட்டதால் மூன்றாம் பக்கத்தையும் காட்டினேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்தாம் பக்கத்தையும் காட்டியிருப்பேனா என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். அவர் கேட்கவில்லை, ஐயா.

"அப்ப எடுத்துட்டாங்க போல," என்றார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கைய காட்டினா போதாதா? பேப்பர்ல வந்தாத்தான் நம்புவாங்களாம்."

அவரிடம் நான் எதுவும் வாங்கவில்லை. தேடிப் பார்த்ததற்கு நான் யாரிடமும் வாங்குவதில்லை.

விசாரணை என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவரை அடிக்கடி சந்தியில் கண்டேன். நெட்டில் நம்பிக்கை போய்விட்டது போலிருக்கிறது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளைக் கிழித்துத் தன் போன் நம்பரை எழுதி வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளில் யார் கையில் பாஸ்போட் போட்டோ கவர் இருக்கிறதோ அவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுப்பார். "போறதுன்னா போங்க. இந்த நம்பர மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டுப் போங்க," என்பார். அந்தக் கவர்கள் பெரும்பாலும் என் கடைக் கவர்கள்தான். இருபத்தொன்றாம் நூற்றாண்டில் துண்டுத் தாளோடு ஒருவர் என்னோடு போட்டிக்கு நிற்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

அப்படி அவர் தாள் கொடுத்தவர்களில் ஒருத்தி என் தங்கை.

விதுஷாவுக்கு இருபத்து மூன்று வயது. ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவள். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அரசாங்கம் கொடுத்த ஏழு பேர்ச் காணியில் எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் போட்டு, அது புல் முளைத்துக் கிடந்தது. இரண்டு வருடம் போய்வந்தால் கூரை ஏறிவிடும், அம்மா மலைக்குப் போகத் தேவையில்லை என்பது அவள் கணக்கு. ஒரு பின்னேரம் கடைக்கு வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, செவ்வானம் நல்ல ஏஜென்சியா?"

"ஏன்?"

"சந்தியில ஒரு அக்கா சொல்றாங்க, அவங்களுக்குக் கையில சூடு வெச்சாங்களாம். ஆனா நெட்ல பாத்தேன், அப்பிடி ஒண்ணும் இல்ல. அவங்க பேரப் போட்டும் பாத்தேன். சேலதான் வருது." சிரித்தாள். "எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்காங்க. நீயும் ஒருக்காப் பாத்துச் சொல்லு."

போனை வாங்கிப் பார்த்தேன். அவள் திறந்து வைத்திருந்தது 'செவ்வானம் மூலம் என் தங்கையை அனுப்பினேன், ஓர் அண்ணனின் அனுபவம்' என்ற பக்கம். நன்றாக எழுதப்பட்ட பக்கம்தான் அது. எழுத்துப்பிழைகூட இல்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கு," என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்றீர்கள். சொல்லியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறும். ஒரு வீட்டில் இரண்டே பிள்ளைகள், ஐயா. அண்ணன் மேல் தங்கைக்கு இருக்கிற மரியாதையைக் காப்பாற்றுவதும் ஒரு பொறுப்புத்தான். அதோடு, எல்லா வீட்டிலும் இஸ்திரிப்பெட்டியால் சூடு வைப்பதில்லை. பெரும்பாலான வீடுகளில் இஸ்திரிப்பெட்டியால் இஸ்திரிதான் போடுவார்கள்.

அவள் பாஸ்போட் போட்டோவை நான்தான் எடுத்தேன். பெட்டியில் அம்மாவின் மஞ்சள் சேலையைக் கொண்டுவந்திருந்தாள். அதையும் கட்டிக்கொண்டு, அதே நீலத் துணிக்கு முன்னால் நின்று இன்னொரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். அவள் பெயரிலும் ஒரு கணக்குத் திறந்துகொண்டேன். அதுதான் நாற்பத்திரண்டாவது.

ஜூன் மாதம் போனாள். மூன்று மாதம் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மாவோடு பேசினாள். செப்டம்பரில் பேச்சு நின்றது. வேலை கூடவாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை, விஜயலெட்சுமி கடைக்குள் வந்தார். இந்தத் தடவை என்னைத் தேடித்தான் வந்தார்.

"விதுஷாவோட அண்ணன் நீங்கதானே தம்பி?"

நான் ஆம் என்றேன். அவர் போனை மேசையில் வைத்து ஒரு குரல்பதிவைப் போட்டார். நாற்பத்தேழு வினாடி. குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குள் பேசியிருந்தாள்.

"அக்கா, நான் விதுஷா. என் போன புடுங்கிட்டாங்க. இது பக்கத்து வீட்ல வேல செய்ற பிள்ளையோட போன். ரூம வெளியில பூட்டுறாங்க அக்கா. மூணு நாளா சாப்பாடு தரல. நாலாவது மாடி, கீழ பச்ச போர்ட் போட்ட மருந்துக்கட இருக்கு. அம்மாவுக்கு சொல்லிராதீங்க. எங்கண்ணனுக்கு சொல்லுங்க, பெரகலயில கட வெச்சிருக்கு. அண்ணன் நெட்ல போட்டா எல்லாரும் பாப்பாங்க. யாராச்சும் வருவாங்க."

அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வீதியின் பெயரையும் கட்டிட இலக்கத்தையும் அனுப்பியிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்ச மாதிரி நான் போட்டுட்டேன்," என்றார் விஜயலெட்சுமி. "பேரு, குரலு, வீதி எல்லாம் போட்டிருக்கேன். மூணு பக்கத்துல போட்டேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும். நீங்க பெருசா போடுங்க தம்பி. உங்களுக்குத்தான் இந்த வேல தெரியும்னு பிள்ள சொல்லுது."

"நான் பாத்துக்கிறேன் அக்கா," என்றேன். "அம்மாக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

அவர் போனதும் மாணிக்கராஜுக்குப் போன் எடுத்தேன். அண்ணனாக முதலில் செய்யவேண்டியது அதுதான் என்று எனக்குப் பட்டது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மாஸ்டர், நானே உங்களுக்கு எடுக்க இருந்தேன். அந்தப் பொம்பள மறுபடி ஆரம்பிச்சிருக்கா. இப்பிடி ஊரக் கூட்டினா அந்த வீட்டுக்காரன் பயந்து பாஸ்போட்டக் குடுக்க மாட்டான். சத்தம் அடங்கட்டும். பதினைஞ்சு நாள்ல தங்கச்சிய நான் கூட்டிட்டு வந்து உங்க கையில தாறேன். அத அடியில தள்ளுங்க. உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

அவரை நான் நம்பினேன். ஏன் நம்பினாய் என்று கேட்டீர்கள். அந்த நேரத்தில் எனக்கு நம்புவது சுகமாக இருந்தது. எதிர்ப்பக்கத்தையும் யோசித்துப் பார்த்தேன். நான் பெரிதாகப் போட்டால் நாளை பேப்பர்க்காரன் வருவான். செவ்வானத்துக்கு இவ்வளவு நல்ல பெயர் எப்படி வந்தது என்று தோண்டுவான். அத்தோடு, விதுஷா நாளைக்குக் கல்யாணம் கட்டவேண்டிய பிள்ளை. மாப்பிள்ளை வீட்டார் பெயரை அடித்துப் பார்த்தால் பூட்டிய அறையும் குழாய்ச் சத்தமும் வரலாமா? அவளுடைய மானத்தையும் பார்த்தேன். இப்படி எல்லாக் கோணத்திலும் யோசித்து முடித்தபோது எனக்கு எந்தச் சிரமமும் இல்லாத பக்கமே சரியான பக்கமாக வந்து நின்றது. சில பேருக்கு இப்படி அமைந்துவிடுகிறது.

காணாமல் போன ஒருவரைத் தேடுகிறவர்கள் பெயரை மட்டும் அடிப்பதில்லை, ஐயா. 'எங்கே' என்று சேர்ப்பார்கள், 'கிடைத்தாரா' என்று சேர்ப்பார்கள், 'திரும்பினாரா' என்று சேர்ப்பார்கள். மக்கள் எதைத் தேடுகிறார்களோ அதைக் கொடுப்பதுதான் இந்தத் தொழில். 'ஹல்துமுல்லை விதுஷா பத்திரமாக ஊர் திரும்பினார்' என்று எழுதினேன். 'விதுஷா விவகாரம் சுமுகமாக முடிந்தது' என்று எழுதினேன். மஞ்சள் சேலைப் படத்தைப் போட்டேன். அதில்தான் அவள் வீட்டில் இருக்கிற மாதிரி இருந்தாள். பொய்ச் செய்தி என்கிறது உங்கள் தாள். பதினைந்து நாளில் உண்மையாகப் போகிற செய்தியைக் கொஞ்சம் முந்திப் போட்டேன், அவ்வளவுதான். பேப்பர்க்காரர்களும் செய்வதுதானே.

திங்கள் முதல் புதன் வரை அறுநூற்று நாற்பது பக்கம். ஒரு நாளிலேயே அனுப்பியிருக்கலாம். ஒரேயடியாக வந்தால் சந்தேகப்படும் என்று பிரித்து அனுப்பினேன். அதில் ஒரு பகுதி விதுஷாவின் கணக்கிலிருந்து போனது. உங்கள் கொம்பியூட்டர் பிரிவு கண்டுபிடித்தது சரிதான். அவள் பெயரில் இருக்கிற கணக்கு, அவளைப் பற்றிய செய்தி. அது பொருத்தமாகத் தெரிந்தது. புதன் பின்னேரம் விஜயலெட்சுமியின் மூன்று பக்கங்களும் நான்காம் பக்கத்துக்குக் கீழே போயிருந்தன.

அன்று அவர் போன் எடுத்தார். "போட்டீங்களா தம்பி?"

"போட்டாச்சு அக்கா. அறுநூற்று நாப்பது பக்கம்."

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி," என்றார். அழுகிறார் என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை விதுஷா நாலாவது மாடியிலிருந்து விழுந்தாள். விழுந்தாள் என்றுதான் அந்த நாட்டுத் தாளில் இருக்கிறது. ஜன்னல் துடைக்கும்போது விழுந்ததாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் ஜன்னல் துடைக்கிற அளவுக்குச் சுத்தமான வீடு. பெட்டி ஐந்து வாரம் கழித்து வந்தது. திறக்கவேண்டாம் என்று எழுதியிருந்தது. மாணிக்கராஜ் பெரிய மாலையோடு வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை தம்பி என்றுதான் கூப்பிட்டார்.

ஜனவரியில், லயத்துக்கு ஒருவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் வீட்டில் இருந்தேன். வெலிமடைக்காரர், பெயர் ஜாபிர். விதுஷா இருந்த நகரத்தில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறவர், லீவில் வந்திருந்தார். கையில் ஒரு பேரீச்சம்பழப் பெட்டி. வாசலிலேயே நின்று, "விதுஷாட வீடு இதுதானே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே பார்த்தவர், சுவரில் மாலை போட்ட படத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அம்மா அவரை உட்காரச் சொல்லிப் பிளேன்டீ போட்டுக் கொடுத்தார். யார் வந்தாலும் அம்மா முதலில் அதைத்தான் செய்வார். பிறகு, கீழே மருந்துக்கடை இருக்கிற கட்டிடத்தின் நாலாவது மாடியிலிருந்து மகள் விழுந்ததைச் சொன்னார்.

"வந்திட்டாண்டு நெட்ல இருந்திச்சே அம்மா," என்றார் ஜாபிர். "ஹல்துமுல்லப் பக்கத்துப் பிள்ள ஒண்டப் பூட்டி வெச்சிருக்காங்கண்டு கூட்டாளி ஒருத்தன் சொன்னான். எந்தக் கட்டடமெண்டு அவனுக்குத் தெரியல்ல. வியாழக்கெழம பவுசர நிப்பாட்டிட்டு நெட்ல தேடினன். பத்திரமாப் போய்ச் சேந்திட்டாண்டு போட்டிருந்திச்சி. ஒண்டு ரெண்டு எடத்தில இல்ல, எல்லா எடத்திலயும். அல்ஹம்துலில்லாஹ்ண்டு சொல்லிட்டு வண்டிய எடுத்திட்டன். அந்த மருந்துக்கடைக்கு நான் கிழமைக்கு ரெண்டு தரம் தண்ணி எறக்கிறன் அம்மா. அந்தக் கட்டடம்தான் எண்டு இப்பத்தான் விளங்குது."

அம்மா கேட்டார்: "எந்த நெட்ல தம்பி?"

கூட்டாளிக்கு அனுப்புவதற்காக அவர் பிடித்துவைத்த படம் போனில் இருந்தது. காட்டினார். அம்மாவுக்குத் தன் பெயரைத் தவிர வேறு எழுதப் படிக்கத் தெரியாது. போனைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி நீண்ட நேரம் பார்த்தார்.

"இது என்னோட சேல," என்றார். "இந்த நீலத் துணி நம்ம கடையில தொங்குறது."

என்னைப் பார்க்கவில்லை. போனை முந்தானையால் துடைத்து ஜாபிரிடம் கொடுத்தார். "நீங்க டீயக் குடிங்க தம்பி. ஆறுது."

மறுநாள் அம்மா பெரட்டுக்குப் போகவில்லை. கொஸ்லந்தயிலிருந்து விஜயலெட்சுமியை வரச்சொல்லி, இருவருமாகப் பதுளை பஸ் ஏறினார்கள். பஸ் என் கடைக்கு முன்னால்தான் நிற்கும். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கை காட்டினேன்.

இவ்வளவுதான் நடந்தது. பக்கங்களை நான் எழுதினேன். பட்டியல் போட்டு நான் அனுப்பினேன். நாற்பத்திரண்டு கணக்கும் என்னுடையவை. விஜயலெட்சுமியின் கைகளை அடியில் தள்ளியது நான். தங்கையின் குரலை அடியில் தள்ளியதும் நான். ஜாபிர் தேடிவந்த வீதியை அவர் கண்ணில் படாமல் செய்ததும் நான்தான். மாணிக்கராஜ் தனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அந்தப் பையனின் வேலை என்று சொல்லியிருப்பதாகக் காட்டினீர்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. வேலை என்னுடையதுதான்.

முறைப்பாட்டை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். கீழே அம்மாவின் கையெழுத்து, பாலர் வகுப்புப் பிள்ளை எழுதியது போலப் பெரிதாக இருந்தது. விதுஷாதான் அவருக்கு அதை எழுதக் கற்றுக்கொடுத்தாள். எல்லாம் சரி. நான்காவது வரி மட்டும் சரியில்லை. 'என் மகன் என்னிடம் பொய் சொன்னான்' என்று அதில் இருக்கிறது. அதை நீக்கும்படி பணிவாகக் கேட்கிறேன். அந்த ஒக்டோபர் மாதம் அம்மா மலைக்குப் போகுமுன் ஒவ்வொரு காலையும் என்னிடம் கேட்பார்: "தங்கச்சியப் பத்தி நெட்ல கெட்டது ஏதும் வந்திருக்காப்பா?" நான் எழுந்து, போனை எடுத்து, அவள் பெயரை அடித்து, முதல் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்த பிறகுதான் பதில் சொல்வேன். ஒரு நாள்கூடத் தேடாமல் சொன்னதில்லை.

"இல்லம்மா," என்பேன். "ஒண்ணும் இல்ல."

உண்மையிலேயே ஒன்றும் இருக்கவில்லை, ஐயா.